கக்கத்துல ஷூ

கடல் தாண்டி ஜப்பான்ல, ஒரு ஊர்ல ஒரு குட்டிப் பள்ளிக்கூடம் இருந்துச்சாம். உன்னை மாதிரி வாண்டுங்க படிக்கிறது. காலை ஆட்டாம கேளு, ம் சொல்லு.

அங்க வாசல்ல உயரமா ஒரு படி. படிக்குக் கீழ ஷூ, படிக்கு மேல வகுப்பு, நடுவுல கதவே கிடையாது. ஷூவைக் கழட்டுன்னு டீச்சர் சொல்லவே மாட்டாங்களாம். படியில உக்காந்தா கை தானா ஷூவுக்குப் போயிடுமாம்.

அங்க நம்ம கரூர்ப் பொண்ணு ஒருத்தி சேர்ந்தா, அமுதினின்னு பேரு. அவளும் கழட்டினா. ஆனா கீழ விடல. கக்கத்துக்கு ஒண்ணா இடுக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. ஏன் தெரியுமா? ஊர்ல கோயில் வாசல்ல விட்ட செருப்பு காணாமப் போயி, வேகாத வெயில்ல தையத்தக்கான்னு குதிச்சு வீடு வந்தவ அவ. இது புது ஷூ வேற, விடுவாளா?

மசாகோ டீச்சர் பார்த்தாங்க, சரின்னு விட்டுட்டாங்க.

அப்புறம் எல்லாரும் கைகோத்து வட்டமா நின்னாங்க. இவ முழங்கையை மட்டும் நீட்டினா. ம்? அப்புறம் மேளம். எல்லாரும் டும் டும்னு அடிக்க, இவ கோழி றெக்கை மாதிரி கையை ஒடுக்கிக்கிட்டு டொக் டொக். அப்புறம் மரக்கட்டையில கோபுரம். எட்டி ஒரு கட்டையை வச்சா பாரு, ஷூ நழுவி பொத்துன்னு விழுந்து, கோபுரம் கடகடன்னு சரிஞ்சுபோச்சு. கட்டின பிள்ளைங்க மூஞ்சி சுருங்கிடுச்சு. இவளுக்கு அழுகை முட்டுது.

அப்போ டீச்சர் கட்டைக் கூடையைச் சரசரன்னு படி ஓரத்துக்கே இழுத்துட்டு வந்தாங்க. "இங்க கட்டலாமா? இங்கேருந்து எல்லார் ஷூவும் தெரியுது"ன்னாங்க.

அமுதினி யோசிச்சு யோசிச்சு, குனிஞ்சு ஷூவைக் கீழ வச்சா. ஒரு கண்ணு கட்டையில, ஒரு கண்ணு ஷூவுல.

கோபுரம் பாதி ஏறியிருக்கும். வெளியேருந்து வந்த யூத்தான்னு ஒரு பையன் அவ ஷூவைக் கையில எடுத்தான். அமுதினி தடதடன்னு ஓடினா. "என் ஷூவை வை"ன்னா.

வச்சுட்டான். ஆனா ஷூவோட மூக்கு வாசலைப் பார்க்கத் திருப்பி வச்சான். "வீட்டுக்குப் போறப்ப அப்படியே காலை நுழைச்சுக்கலாம்ல"ன்னான்.

அப்பத்தான் அமுதினி பார்த்தா, அங்க எல்லார் ஷூவும் வாசலைப் பார்த்துத்தான் நிக்குது. திரும்பப் போயி, உச்சிக் கட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சு வச்சா. அப்புறம் ஷூ பக்கம் திரும்பவே இல்லையாம்.

என்ன, ம் சத்தத்தையே காணோம்? சரி, கதையும் ஷூவை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சு. தூங்கு சாமி.