தளபதியின் ஏப்பம்

எதிரிக் கப்பல்கள் முத்தாழித் துறைமுகத்தை வளைத்து நின்றன. ஊரில் அரிசி தீர்ந்துபோயிற்று. நிலவரம் பார்க்க எதிரியின் தூதன் வருகிறான் என்றதும் கடற்படைத் தளபதி வில்லவராயர் மீசையை முறுக்கினார்.

"டேய் சூசை, ஊருக்கே விருந்து போடு! நம் பட்டினி அவனுக்குத் தெரியக்கூடாது."

"விருந்துக்கு வழியில்லைங்க ஐயா. சாப்பிட்டு முடிச்ச விருந்துன்னா சமைச்சிடலாம்," என்றான் சமையல்காரன் சூசை.

தோப்பில் வாழையிலைக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாப்பிட்டவர்கள் மடிப்பதுபோல மடித்து, துறைவாசலில் மலையாகக் குவித்தான்.

"அடடா, இப்பத்தான் பந்தி முடிஞ்சது!" என்று தூதனிடம் கையைப் பிசைந்தான். சூசை சொல்லிக்கொடுத்தபடியே தளபதி வெறும் வயிற்றோடு ஓர் ஏப்பம் விட்டார்.

இவர்களைப் பட்டினி போட முடியாதென்று எதிரி பாய்விரித்துப் போய்விட்டான்.

"பார்த்தாயா, என் வீரத்தை!" என்றார் தளபதி.

"பார்த்தேங்க ஐயா. என்னா ஏப்பம்!"