கூப்பிடத் தெரியாத காவலர்கள்

சர்ர்... சர்ர்... இருட்டிய பிறகு ஏதோ கதவைப் பிறாண்டும் சத்தம். நெடுங்காலத்துக்கு முன் ஒரு மலைக்கோட்டையில் கேட்டது, தாய்மாரே. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

வெற்பன் என்கிற அரசனுடைய கோட்டை அது. அங்கே ஒரு வழக்கம். கைக்குழந்தை இரவில் அழுதால் யாரும் தூக்கக்கூடாது. பசித்து அழுதாலும் சரி, பயந்து அழுதாலும் சரி, கனாக்கண்டு அழுதாலும் சரி. அழுது அழுது பிள்ளை ஒருநாள் ஓய்ந்துவிடும். "பயம் விட்டுப்போச்சு, வீரனாயிட்டான்" என்று வீடு வீடாக வெல்லம் கொடுப்பார்கள்.

வெண்ணி என்பவளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மகன் ஆதன் சிணுங்கினாலே ஓடிப்போய் அணைத்துக்கொள்வாள்.

"கோழைக்கா பால் கொடுக்கறே?" என்பார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். அவள் வெல்லம் கொடுக்கவேயில்லை.

பிள்ளைகள் வளர்ந்து காவலுக்கு வந்தார்கள். கோட்டைக் கதவுக்குத் தாழ் ஒரு முழுப் பனைமரம். வீரர்கள் இருக்கிற கோட்டைக்குத் தாழ் எதற்கு என்பது அரசனுடைய பெருமை; அதனால் இரவிலும் கதவைத் தாழிடாமல் சும்மா சாத்தி வைப்பார்கள். காவல்காரன் குரல் கொடுத்தால் மட்டும் பத்துப்பேர் ஓடிவந்து தூக்கிப் போடுவார்கள்.

முதல் இரவு, வெல்லம் கொடுத்த வீட்டுப் பிள்ளை கீரன் காவல். பிறாண்டும் சத்தம் கேட்டது, உடம்பு நடுங்கியது, வாய் திறக்கவில்லை. சிறுத்தை கதவைத் தள்ளி நுழைந்து கன்றைக் கொண்டுபோனது.

இரண்டாம் இரவு, அவனைப் போலவே வளர்ந்த பூதன் காவல். சத்தம் கேட்டது, உடம்பு நடுங்கியது, அவனும் வாய் திறக்கவில்லை. உள்ளே ஏதோ வீட்டில் குழந்தை அழுதது. வழக்கப்படி யாரும் எழுந்து போகவில்லை. விடிந்து பார்த்தால் தொட்டில் காலி.

"சத்தம் காதில் விழுந்ததா?" என்றான் அரசன்.

"விழுந்தது, அரசே."

"பிறகு ஏனடா கூப்பிடவில்லை?"

பூதன் ஒன்றும் விளங்காமல் பார்த்தான். "கூப்பிட்டால் யாராவது வருவார்களா, அரசே?"

அந்தக் கேள்வி அரசனைச் சுட்டது. ஆனாலும் பெருமை விடவில்லை. அன்றும் தாழ் விழவில்லை.

மூன்றாம் இரவு ஆதன் காவல். சர்ர்... மறுபடியும் அதே பிறாண்டல்.

"வாங்க, எல்லாரும் வாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று கத்தினான்.

"என்னடா, பல்லியைப் பார்த்தியா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர்கள், கதவிடுக்கில் நகம் நுழைவதைக் கண்டு பனைமரத்திடம் பாய்ந்தார்கள். அரசனும் ஓடிவந்து தோள்கொடுத்தான். வெளியே உறுமல் கேட்கக் கேட்க, பனைமரத்தைத் தூக்கிக் கதவை உள்ளிருந்து தாழிட்டார்கள்.

அழுதபோது ஓடிவந்த கைகளை அறிந்த பிள்ளைக்கே, பயத்தில் வாய்திறந்து கூப்பிடும் தைரியம் வரும்.