செகண்ட் கியர் விழும் நேரம்

குன்னூரில் கார் பந்தயம் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவர் இருந்தார். பெயர் தாட்சாயணி. வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. மலையேற்றப் பந்தயத்தில் அவர் ஜெயித்த கோப்பைகளில் ஒன்றில் கரண்டிகள் கிடந்தன, இன்னொன்றில் துணி கிளிப்புகள். பெரிய கோப்பையில் மட்டும் எதையும் போட விடமாட்டார். அதைத் துடைத்துத் துடைத்தே வைத்திருந்தார்.

அவரிடம் வந்து சேர்ந்த சீடர் அவரைவிட மூத்தவர். கோயம்புத்தூரில் பம்ப் பவுண்டரி நடத்தும் திருமூர்த்தி. தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டே சீட். அவிநாசி ரோட்டில் அதில் போனால் பஸ்ஸில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் காரைத்தான் போன வருஷம் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். விடியற்காலை, நல்ல குளிர். கொடி அசைந்தது. கார் பாய்ந்தது. செகண்ட் கியருக்கு மாற்றியபோது கர்ரென்று ஒரு சத்தம், மலை முழுக்கக் கேட்டது. இன்னும் அழுத்தினார். இன்னும் பெரிய சத்தம். முதல் வளைவுக்கு முன்னாலேயே கார் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ‘மாவு மில்லுக்காரர்’ என்று பெயர். அதே பந்தயத்தில் கார் ஓட்டும் எஸ்டேட் மேனேஜர் லாரன்ஸ் வைத்த பெயர். கல்யாண வீட்டில் பார்த்தாலும் விடமாட்டார். “என்ன மில்லுக்காரரே, அரவை எல்லாம் எப்படிப் போகுது?”

இந்த வருஷம் அந்தப் பெயரை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும். அதற்காகத்தான் திருமூர்த்தி மாஸ்டரிடம் வந்தார்.

குன்னூரில் ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் காலைக் குளிரில் கிளம்பி வந்தபோது மாஸ்டர் வீட்டு வாசலிலேயே கார் கர்ரென்றது. மாஸ்டர் கம்பளித் தொப்பியோடு வெளியே வந்தார்.

“வாங்க. நீங்க வர்றது மார்க்கெட்லயே கேட்டிருக்கும்.”

திருமூர்த்திக்கு முகம் சிவந்தது. “கீழ கோயம்புத்தூர்ல வெண்ணெய் மாதிரி இருக்குதுங்க மாஸ்டர். இங்க குளிர்ல மட்டும் ஏன் இப்படி முரண்டு பிடிக்குது?”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“செகண்ட் போட்டேனுங்க.”

“விழுந்துச்சா?”

“விழல. இன்னும் அழுத்திப் போட்டேன். என் பட்டறைல நான் அழுத்தி வளையாத இரும்பே கிடையாதுங்க.”

மாஸ்டர் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தார். குறுகிய வாய். உள்ளே எண்ணெய் மெழுகு மாதிரி உறைந்து வெள்ளையாக நின்றது.

“தலைக்கு வைக்கணும். கொஞ்சம் ஊத்திக் கொடுங்க.”

திருமூர்த்தி கவிழ்த்தார். வரவில்லை. உள்ளங்கையில் தட்டினார். குலுக்கினார். பிதுக்கினார். வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து உள்ளே விட்டுக் குடைந்தார். குச்சி முறிந்தது. ரெண்டு துணுக்கு வெள்ளை மட்டும் அவர் பேண்டில் விழுந்தது.

“கொடுங்க” என்றார் மாஸ்டர். பாட்டிலை ஸ்வெட்டருக்குள் விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “வாங்க, டீ குடிச்சுட்டு வருவோம்.”

இருவரும் கடைக்கு நடந்தார்கள். டீ குடித்தார்கள். போன வருஷம் ஜெயித்தது யார், எந்த வளைவில் யார் சறுக்கினார்கள் என்று திருமூர்த்தி பேசிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் இன்னொரு டீ சொன்னார். திரும்பி வந்து பாட்டிலைச் சாய்த்தார். எண்ணெய் நூல் பிடித்தாற்போல இறங்கியது.

மாஸ்டர் அதைத் தலைக்குத் தேய்த்துக்கொண்டார்.

திருமூர்த்தி தொடையில் தட்டினார். “புரிஞ்சுருச்சுங்க மாஸ்டர்!” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே மலையிறங்கினார்.

அடுத்த வாரமும் ராத்திரியே வந்து தங்கி, காலையில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் அப்படி ஒரு களை. “கியர் ஆயிலை மாத்திட்டேனுங்க. இருக்கறதுலயே விலை ஜாஸ்தி. எந்தக் குளிருக்கும் உறையாதாம்.”

“அப்படியா? ஒரு ரவுண்டு வாங்க.”

கார் தெருமுனைக்குப் போவதற்குள் கர்ரென்றது. பழைய அளவுக்கு இல்லை. ஆனாலும் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

திருமூர்த்தி இறங்கி நின்றார். “ஆயில் கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

“ஆயில் நல்ல ஆயில்தான். அதை மாத்துனீங்க, சரி. கையை?”

“கையா?”

“உக்காருங்க” என்று மாஸ்டர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். “இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“செகண்ட் போடப் போறேன்.”

“போடறது நீங்க. விழறது?”

திருமூர்த்தி யோசித்தார். சிறு வயதிலிருந்து சொல்லிவரும் வார்த்தைகள்தான். கியர் போட்டேன், கியர் விழல. ஒன்றுக்கு ஆள் அவர். இன்னொன்றுக்கு ஆள் யார் என்று யோசித்ததே இல்லை.

“இன்ஜின் நின்ன இடத்துலயே சூடாயிரும். கியர்பாக்ஸ் ஓடி ஓடித்தான் சூடாகணும். அதுவரைக்கும் உள்ள ஒருத்தர் இன்னும் போர்வையை எடுக்கலைன்னு வெச்சுக்கங்க” என்றார் மாஸ்டர். “நியூட்ரலுக்கு வாங்க. கிளட்சை விட்டு மறுபடி மிதிங்க. ஒரு மூச்சு நில்லுங்க. அப்புறம் ரெண்டே விரல். செகண்டோட வாசல் வரைக்கும் கொண்டுபோய் சாய்ச்சு வைங்க. கதவைத் தட்டாதீங்க.”

“பந்தயத்துல ஒரு மூச்சு நிக்கறதா? லாரன்ஸ் அதுக்குள்ள ஊட்டிக்குப் போயிருவாருங்க.”

“போகட்டும்.”

“சிரிப்பாங்க மாஸ்டர்.”

“போன வருஷம் சிரிக்கலையா?”

திருமூர்த்தி லீவர் மேல் ரெண்டு விரலை வைத்தார். அன்று முழுக்க ரெண்டு விரலால் ஓட்டினார். விரல்கள் சரியாகத்தான் இருந்தன. தோள்தான் அவ்வப்போது தானாக எழுந்து வந்து அழுத்தியது. அழுத்திய ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, “ராகி” என்பார். ரொம்பச் சத்தமாக இருந்தால், “கல் கலந்த ராகி.”

பந்தய நாள் வந்தது. அந்தப் பந்தயத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லாக் கார்களும் முந்தின இரவே புறப்படும் கோட்டருகே வந்து நின்றுவிட வேண்டும். காலையில் தள்ளிக்கொண்டுதான் கோட்டுக்கு வர வேண்டும், ஓட்டிச் சூடாக்கக் கூடாது. கார்களை ஒவ்வொன்றாக விட்டு நேரம் கணக்கிடுவார்கள்; சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆளாகக் கிளம்பும் முறை திருமூர்த்திக்கு வந்தது. வெயில் இன்னும் மலைக்கு அந்தப் பக்கமே இருந்தது. புல்லெல்லாம் உறைபனி.

லாரன்ஸ் கையுறையைத் தட்டிக்கொண்டே வந்தார். “மில்லுக்காரரே, இந்த வருஷம் ராகியா, கோதுமையா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருமூர்த்தியும் சிரிக்கப் பார்த்தார். மாஸ்டரைத் தேடினார். காணோம். மேலே எங்கேயோ ஒரு வளைவில் நிற்பதாகச் சொன்னார்கள்.

கொடி அசைந்தது.

ஃபர்ஸ்ட் கியரில் கார் அலறிக்கொண்டு பாய்ந்தது. கை கியர் லீவருக்குப் போனது. தோள் எழுந்தது. போன வருஷத்து அவமானமெல்லாம் அந்தத் தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே அழுத்து. பட்டறையில் அழுத்துகிற அழுத்து. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவர் நியூட்ரலில் நின்றார்.

ஒரு மூச்சு. கார் வேகம் தளர்ந்தது. ஓரத்தில் யாரோ கத்தினார்கள். “அண்ணா தூங்கிட்டாருடா!” சிரிப்பு அலையாக வந்து காதில் அடித்தது. ரெண்டு விரலால் லீவரைச் சாய்த்து வைத்தார். உள்ளே ஏதோ தயங்கியது. பிறகு வழிவிட்டது.

அடுத்த வளைவிலும் நியூட்ரலில் ஒரு மூச்சு நின்றார். அதற்கடுத்த வளைவிலும். சிரிப்பு பின்னால் போய்விட்டது. தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பனிமூட்டத்துக்குள் கார் நுழைந்தது. பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. காரைத் திருப்பினார், கியரை இறக்கினார், ஏற்றினார். உச்சிக்குப் போய் வண்டியை நிறுத்திய பிறகுதான் நினைத்துப் பார்த்தார். கடைசிச் சில வளைவுகளில் அந்த ஒரு மூச்சு நின்ற ஞாபகமே இல்லை.

லாரன்ஸ் பிற்பாடு வந்தார். நேரம் அவருக்குத்தான் குறைவு. திருமூர்த்தியைக் கொஞ்சம் முந்தியிருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே நேராக வந்து, சிவப்புக் காரின் பானட் மேல் கை வைத்தார். சூடு பார்க்கிற மாதிரி வைத்து, எடுக்காமல் நின்றார்.

“என்னங்க, மில்லு இன்னிக்கு லீவா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. லாரன்ஸும் சிரிக்கவில்லை. “நல்லா ஓட்டுனீங்க திருமூர்த்தி” என்றார். இந்த மலையில் அவரை அவர் பெயரைச் சொல்லி லாரன்ஸ் கூப்பிட்டது அன்றுதான்.

திருமூர்த்தி காரை அங்கேயே விட்டுவிட்டு, வந்த வழியே கீழே நடந்தார். பனிமூட்டத்துக்குள் ஒரு வளைவின் கல்மதில் மேல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கையில் ஃபிளாஸ்க். தலையில் எண்ணெய் மினுங்கியது.

“மாஸ்டர், பார்த்தீங்களா?”

“எங்க பார்க்கறது? பனி. என் கையே எனக்குத் தெரியல.”

திருமூர்த்திக்கு முகம் விழுந்தது. அவ்வளவு தூரம் ஓட்டியதை யார் பார்க்க வேண்டுமோ அவர் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “தோட்டத்தைத் தாண்டுன பின்னாடி செகண்ட் விழுந்துச்சுங்க மாஸ்டர். எப்ப விழுந்துச்சுன்னே எனக்குத் தெரியலைங்க.”

மாஸ்டர் சட்டென்று அவரை நிமிர்ந்து பார்த்தார். ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, தான் குடிக்காமல் அவரிடம் நீட்டினார். பெரிய கோப்பையைத் துடைக்கும்போது அவர் முகத்தில் இருக்கும் அதே பெருமை இப்போதும் இருந்தது.

“உங்க வண்டி இந்த வளைவுக்கு வர்ற வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றார். “அரவைச் சத்தம் ஒண்ணுமே கேக்கலீங்க.”

திருமூர்த்தி டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.