அடம்பங்கொடிப் பொன்வண்டு

கடற்கரைக் கோட்டையில் கும்பினியின் வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் பூச்சிகளைச் சேர்த்துவந்தார். அவற்றைச் சித்திரமாக எழுதிக் கொடுத்தவர் வெங்கண்ணா. அதற்குமுன் கோயில் சுவர்களில் தெய்வங்களை எழுதிய கை. தருமலிங்கம் அவருடைய சீடன். நாற்பது வயதில் வந்து சேர்ந்தவன், எழுத்தறிவு இல்லாதவன்.

தருமலிங்கத்தின் மூத்த மகள் ஒருநாள் அடம்பங்கொடியில் பொன் நிறமான சிறு வண்டு ஒன்றைப் பிடித்து அப்பாவிடம் கொண்டுவந்தாள். வைத்தியர் துரை அதை ஊசியில் குத்தினார். செத்ததும் பொன் போய்விட்டது, வண்டு பழுப்பானது. மகளின் உள்ளங்கையில் பார்த்த நிறத்தை நினைவிலிருந்து எழுதினான் தருமலிங்கம். சித்திரம் முடிவதற்குள் அவளை வாந்திபேதி கொண்டுபோனது.

இதுவரை யாரும் அறியாத வண்டு என்றார் துரை. தன் பெயரையே அதற்கு வைத்து, சித்திரத்தின் அடியில் எழுதினார். சித்திரத்தைச் சீமைக்குக் கொண்டுபோகும் கப்பல் துறையில் நின்றது.

"அய்யா, கண்டெடுத்தது என் பிள்ளை. அவள் பெயரல்லவா அங்கே இருக்க வேண்டும்?"

வெங்கண்ணா தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். "துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லையா?"

கேட்டான் என்று ஒப்புக்கொண்டான் தருமலிங்கம். பிடித்தது யார், பெயர் என்ன என்று துரை கேட்டுவரச் சொன்னாராம். வீட்டில் ஒரு பிள்ளை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டானாம். இறந்த பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொன்னால், அது இருக்கிற பிள்ளையையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளும் என்பது அவன் வீட்டு நம்பிக்கை. சின்னவன் இன்னும் தவழ்கிறான்.

"காலி இடம் கண்டால் தங்கள் பெயரை எழுதிக்கொள்கிறவர்கள்," என்றார் வெங்கண்ணா. "ஊரையே அப்படித்தான் எடுத்தார்கள். வண்டை விடுவார்களா?"

"நான் என்ன செய்யட்டும்?"

வெங்கண்ணா சித்திரத்தை எடுத்து மடியில் வைத்தார். மிக மெல்லிய தூரிகையை மையில் தோய்த்து, வண்டு உட்கார்ந்திருந்த இலையின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்கே எழுதினால் பெயர் இலை நரம்போடு நரம்பாக இருக்கும். துரைக்கு நம் எழுத்து தெரியாது. சொல். நாங்களெல்லாம் பாப்பா என்றே கூப்பிட்டோம். அவள் பெயர் என்ன?"

தருமலிங்கம் வாயைத் திறந்தான். சின்னவன் முகம் முன்னால் வந்தது. மூடிக்கொண்டான்.

தூரிகை நுனியில் மை உலர்ந்தது. வெங்கண்ணா மறுபடியும் தோய்த்தார்.

"நான் காத்திருப்பேன், தருமலிங்கம்," என்றார். "கப்பல் காத்திருக்காது."