வெண்டைக்காய்ப் பாட்டு

இந்த வழக்கில் கெட்டவர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

தூத்துக்குடியில் லாரி எடைமேடை ஒன்றில் எடைச்சீட்டுப் போட்டுக் கொடுக்கிற வேலை அமலதாசுக்கு. வயது நாற்பத்திரண்டு. இருபது வருஷமாக மெட்டுப் போடுகிறவர். ஒரு வீடியோத் தளத்தில் ஏற்றிப் பார்த்தார்; மாதா பாட்டின் நடுவில் மூட்டுவலித் தைல விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. மனிதருக்குப் பொறுக்கவில்லை. "நம்ம பாட்டுக்கு நம்ம பேர்லயே ஒரு இடம் வேணும்" என்று சொந்தமாக இணையதளம் தொடங்கக் கிளம்பிவிட்டார். பெயர் வாங்கியாயிற்று, பன்னிரண்டு பாட்டு ஏற்றியாயிற்று. திறந்ததும் கேட்க வேண்டிய முதல் பாட்டுக்கான இடம் மட்டும் காலி. ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார், அவசரக்காரர்.

அந்த இடத்துக்கு எந்த மெட்டு என்பதில் சந்தேகமே இல்லை. அவர் போட்டதிலேயே அதுதான் உசத்தி. சிக்கல் வேறு இடத்தில்.

அமலதாசின் பழக்கம், முதலில் மெட்டு, பிறகுதான் வரி. வரி எழுதுகிறவருக்கு அளவு தெரிய வேண்டுமே என்று, வாயில் வந்த சொற்களை வைத்து யாரையாவது பாடச் சொல்லிப் பதிவு செய்து கொடுப்பார். இந்த மெட்டுக்கு அவர் வாயில் வந்தது, "வெஞ்சனம் என்ன வைக்கட்டும், வெண்டைக்கா ரெண்டு நறுக்கட்டும்." பாடியவர் அவருடைய மதினி ஜெனோவா, அண்ணன் அருளப்பனின் மனைவி. ஒலிப்பதிவுக் கூடமா இருக்கிறது? மதினி வீட்டு அடுக்களைதான். ஃபேனை நிறுத்தி, இரைகிற ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்தார்கள். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து, மறுநாள் ஒரு கிலோ சீலா மீனைக் குப்பையில் கொட்டியது தனிக்கதை. சொல் என்னவோ வெண்டைக்காய்தான். அந்தக் குரலைக் கேட்டால் கண் கலங்கிவிடும்.

வரி எழுத வேண்டியவர் தபால்காரர் சுடலைமுத்து. இருபத்தைந்து வருஷமாக ஊரார் எழுத்தையெல்லாம் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர். அவர் எழுதியது ஒன்றுகூட இதுவரை வெளியே வந்ததில்லை. "உம்ம வரி இல்லாம இந்தப் பாட்டு வெளிய வராதுவே" என்று அமலதாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அவரும் மூன்று மாதம் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, அருமையான வரிகளோடு வந்து நின்றார்.

அதற்குள் மதினிக்குத் தைராய்டு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன், "இந்தப் பாட்டை வேற யாருக்கும் குடுத்துறாதீங்க கொழுந்தனாரே, நானே வந்து பாடுதேன்" என்றார். "சத்தியமாக் குடுக்க மாட்டேன் மதினி" என்றார் இவர். உடம்பு தேறியது, குரல் தேறவில்லை. பேச்சு கரகரவென்று வரும், பாட்டு ஏறாது. இனி இவ்வளவுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

சங்கடத்தைப் பாருங்கள்! புது வரியைப் பாட வேறு குரல் வேண்டும். மதினிக்குச் செய்த சத்தியம் போகும். பழைய பதிவைப் போட்டால் சுடலைமுத்துவுக்குக் கொடுத்த வாக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை காலை மதினியே வந்தார். "நம்ம தெரு ரோஸ்லின் இசைப்பள்ளியில படிக்கால்லா, அவளைப் பாட வைங்க. தபால்காரரு பாவம், எத்தனை வருசமாக் காத்துக்கெடக்காரு. சத்தியத்தை நான் திருப்பிக் குடுத்துட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வாசலில் செருப்பை மாட்டாமல் வெகுநேரம் நின்றதை அமலதாஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

மத்தியானம் சுடலைமுத்து. "வே, எம் வரி கெடக்கட்டும். அந்த வெண்டைக்காயவே போடும். அந்தக் குரலை விட்டுட்டு என் எழுத்து என்னத்துக்கு?" சொன்னவர், தன் தாளை மட்டும் மறக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். "ரெண்டு பேரையும் எதுக்குல அழ வைக்க?" என்று லேப்டாப்பைத் திறந்தார். பழைய பதிவைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, ஜெனோவாவின் குரலே புது வரிகளைப் பாடுகிற மாதிரி செய்துகொண்டு வந்திருந்தார். ஒரு பிசிறு இல்லை. இரண்டு வாக்கும் நின்ற மாதிரிதான்! அமலதாசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மதினியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்கள். கடைசிவரை கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நான் பாடலையே" என்றார். கணவர் முகம் வாடியதும், "உங்க இஷ்டம், போட்டுக்கோங்க" என்றும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை. அமலதாஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். எதைப் போட்டாலும் மற்ற இரண்டு பேரின் அன்பைத் தள்ளியதாகும். மதினி, சுடலைமுத்து, அண்ணன்: இந்த மூவரில் யார் பேச்சைக் கேட்பது சரி?

சுடலைமுத்துவின் பேச்சைத்தான். அண்ணன் அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாடாததைப் பாடியதாக ஊருக்குச் சொல்ல மதினிக்கு மனசு ஒப்பவில்லை, கணவருக்காகத்தான் தலையாட்டினார். மதினி சொன்னபடி சுடலைமுத்துவின் வரிகளை ரோஸ்லின் அடுத்த மாதம் பாடட்டும், யார் தடுத்தது? வரி காத்திருக்கும். மதினியின் குரலுக்கு இனி அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது. அமலதாசுக்கும் இப்படித்தான் தோன்றியது. ஆனாலும் ஏற்றுவதற்கு முன் மதினியிடம் போய், "போடட்டுமா?" என்று கேட்டார், அதுதான் மரியாதை. மதினி, "வெண்டைக்காயின்னு பாடி வச்சிருக்கேன்னு வெக்கமாத்தான் இருக்கு. போடுங்க கொழுந்தனாரே. நாளைக்கு எம் பேரப்பிள்ளைங்க கேக்கும்லா" என்றார்.