வெண்ணி கேட்ட ஒரே கேள்வி

ஊருக்கு ஒரு ராஜா, தெருவுக்கு ஒரு மந்திரி என்று இருந்த காலம் அது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் இருந்தது. அந்தக் காலத்தில் ஆம்பல்நாடு என்று ஒரு சின்ன நாடு. அதன் ராஜா ஆதனுக்கு ஒரே மகள், பெயர் வெண்ணி.

வெண்ணிக்குச் சுயம்வரம் வைத்தார்கள். ஏன் என்று கேட்பீர்களே? சித்தப்பா மகளுக்கு வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் வேண்டும் என்றாள் இவள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். சுயம்வர மாலையைப் பெண் கையில் எடுத்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் அது ஒரு கழுத்தில் விழவேண்டும். மாலை விழுந்த கழுத்து பெண் வீட்டுக்குச் சொந்தம். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால்? அதை வழக்கம் கேட்கவில்லை. வழக்கங்கள் எப்போது கேட்டிருக்கின்றன?

வெயில் ஏறும்வரை ஒருவரும் வரவில்லை. பிறகு மலைநாட்டு இளவரசன் வந்தான். விஷயம் இல்லாமலா இவன் வருவான் என்று கரைநாட்டு இளவரசன் பின்னாலேயே நுழைந்தான். வாசலில் இரண்டு குதிரைகளைப் பார்த்துக் காட்டுநாட்டு இளவரசனும் நுழைந்தான். உச்சிப் பொழுதில் முப்பது குதிரைகள் நின்றன.

ஒருவன் மீசையை முறுக்கினான். முப்பது மீசைகள் முறுக்கிக்கொண்டன. ஒருவன் பெருமூச்சு விட்டான், முப்பது பெருமூச்சு. ஒருவன் வாளை உருவி, பெண் கிடைக்காவிட்டால் இந்த நாட்டையே கொளுத்துவேன் என்றான். முப்பது பேரும் உருவினார்கள், முப்பது பேரும் அதையே சொன்னார்கள்.

வெண்ணியோ இன்னும் திரைக்குப் பின்னால். ஒருவனும் அவள் முகத்தைப் பார்த்திருக்கவில்லை!

ஆதனுக்கு வேர்த்து ஊற்றியது. யாருக்கு மாலை விழுந்தாலும் மீதி இருபத்தொன்பது பேர் கொளுத்த வருவார்கள். வெண்ணி மாலையோடு வெளியே வந்து ஒரே கேள்வி கேட்டாள்: ஏன் வந்தீர்கள்?

காட்டுநாட்டான் கரைநாட்டானைக் காட்டினான். கரைநாட்டான் மலைநாட்டானைக் காட்டினான். மலைநாட்டான் தலையைச் சொறிந்தான்.

"என் குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டது, இளவரசி. லாடம் அடிக்க ஆள் உண்டா என்று கேட்கத்தான் நுழைந்தேன்."

"பிறகு வாளை ஏன் உருவினீர்கள்?"

"இத்தனை பேர் ஆசைப்படும்போது நான் மட்டும் விட்டுவிட்டால் இளிச்சவாயன் என்று சொல்லமாட்டார்களா?"

அவனை நன்றாகத் திட்ட வாயெடுத்தாள் வெண்ணி. அப்போது பார்த்துச் சித்தப்பா மகள் நினைவுக்கு வந்தாள். வாயை மூடிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். ஒரு காலைத் தூக்கியபடி நின்ற மலைநாட்டுக் குதிரையின் கழுத்தில் மாலையைப் போட்டாள்.

மந்திரி பதறி ஓடிவந்து, வழக்கம் என்னாவது அம்மா என்றார்.

"கழுத்து என்றுதானே வழக்கம், மந்திரியாரே? இங்கே சொந்தக் காரியத்துக்காக வந்த கழுத்து இது ஒன்றுதான்."

யாரோ ஒருவன் சிரித்தான். முப்பது பேரும் சிரித்தார்கள். ஒருவன் வாளை உறையில் போட்டான். முப்பது வாள்களும் உறைக்குள் போயின. குதிரை வீட்டுக்குச் சொந்தமாகிவிட்டதால் மலைநாட்டான் நடந்தே ஊர் போனான்.

வெண்ணி குதிரைக்கு லாடம் அடிக்கச் சொல்லிவிட்டு, தனக்கு உண்மையில் என்னதான் வேண்டும் என்று யோசித்தாள். உடனே ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லை என்று மறுநாள் காலை குதிரையில் ஏறி, யாரும் போகாத பக்கமாகத் திருப்பினாள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவரைப் பார்த்து வந்த ஆசை அடுத்தவர் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும், தன் வழி வேண்டுமென்பவர், ஏன் வந்தோம் என்று முதலில் தன்னையே கேட்கவேண்டும்.