தளவாய் கேட்ட கேள்வி

வேங்கை நாட்டை விசயநந்தன் ஆண்டபோது தலைநகருக்கு வடக்கே, ஆற்றின் அக்கரையில், ஒரு கலாசாலை இருந்தது. அது அரண்மனைக்குரியது அன்று. முத்து வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய உமையம்மை தம் சொந்தச் செல்வத்தைக் கொண்டு அதை நிறுவியிருந்தார். நிலம் மட்டும் அரசருடையது. மூன்றாம் ஆண்டின் கடைசி நாள் மாலைக்குள் நாற்பது மாணவர் சேர்ந்திருக்க வேண்டும், ஒருவர் குறைந்தாலும் நிலமும் கட்டடமும் அரண்மனைக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம்.

அந்த நிபந்தனையை எழுதச் செய்தவர் தளவாய் ரணகேசரி. அவருடைய யானைகளுக்குப் புதிய கொட்டாரம் தேவைப்பட்டது. கலாசாலையின் நடு மண்டபம் அதற்குப் பொருத்தமான உயரம் உடையது என்பதை அவர் கோல் வைத்து அளந்தே பார்த்திருந்தார்.

மூன்றாம் ஆண்டு பிறந்தபோது மாணவர் பதினெண்மரே இருந்தனர். உமையம்மை அரசவையில் ஆணைகளை எழுதும் ஓலைநாயகமான கூத்தபிரானிடம் சென்று, கலாசாலையைப் பற்றி ஊரறிய ஓர் அறிவிப்பு எழுதித் தருமாறு வேண்டினார். தமக்கு மிகைப்படுத்தி எழுத வராது என்று கூத்தபிரான் முன்கூட்டியே எச்சரித்தார். உள்ளதை எழுதினால் போதும், கையெழுத்து நன்றாக இருக்கட்டும் என்றார் அம்மையார்.

கூத்தபிரான் எழுதியது இது:

"இங்கே இலக்கணம், கணிதம், வானநூல், மருத்துவம், இசை, தருக்கம் ஆகிய ஆறும் கற்பிக்கப்படும். முதல் இரண்டு ஆண்டுகள் ஒவ்வொருவரும் ஆறையும் கற்க வேண்டும். மருத்துவத்துக்காக வந்தவரும் பாட வேண்டும். பக்கத்து அறையினர் பொறுத்துக்கொள்வர். மூன்றாம் ஆண்டில் விரும்பிய ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஓர் ஆசிரியர் முன் ஒரு வேளையில் எழுவருக்கு மேல் அமர்வதில்லை. ஆசிரியர் சொன்னதை மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டும். உறைவிடமும் உணவும் உண்டு. புதன்கிழமைக் குழம்பைப் பற்றி முறையிட்டுப் பயனில்லை. ஆண், பெண், குலம், வயது என எத்தடையும் இல்லை. சேர வருபவரை நாங்கள் கேள்வி கேட்பதில்லை. அவரே ஆசிரியர் அறுவர் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அறுவரும் தெரியாது என்று சொன்னால், கேள்வியும் அவ்விடையும் ஓலையில் எழுதப்படும். கேட்டவர் அதில் தம் அடையாளத்தை இட்ட கணம் முதல் அவர் இக்கலாசாலையின் மாணவர்."

அறிவிப்பு ஊர் ஊராகப் பறையறைந்து படிக்கப்பட்டது. தளவாயும் கேட்டார், குழம்பு வரை. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று குதிரையைத் தட்டிவிட்டார்.

மாணவர் வரத் தொடங்கினர். நாவிதர் ஒருவர் வந்து, ஒருவர் விடும் கொட்டாவி அருகில் இருப்பவரை ஏன் தொற்றுகிறது என்று கேட்டார். ஆசிரியர் அறுவரும் ஆளுக்கொரு முறை கொட்டாவி விட்டு, தெரியாது என்றனர். உப்பளத்துப் பெண் ஒருத்தி, தான் உறங்கிப்போகும் கணம் தனக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை என்று கேட்டாள். அவளுக்கும் இடம் கிடைத்தது.

முப்பத்தொன்பது பேர் சேர்ந்தபின் வரவு நின்றது. ஆற்றுத்துறையின் ஓடங்கள் அனைத்தையும் தளவாய் பழுதுபார்க்கக் கரையேற்றிவிட்டதுதான் காரணம். அவை நல்ல நிலையில் இருந்தன, இருந்தும் பழுதுபார்க்கப்பட்டன.

கடைசி நாள் பிற்பகல், அரசரின் படகில் அரசரும் தளவாயும் கூத்தபிரானும் வந்து இறங்கினர். தளவாயே மாணவரை எண்ணினார். முப்பத்தொன்பது. உறுதி செய்துகொள்ள மறுபடியும் எண்ணினார். உமையம்மை இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பொழுது சாய இன்னும் ஒரு நாழிகை இருக்கிறது. தளவாய் அவர்களுக்கு ஏதேனும் ஐயம் உண்டா? ஆசிரியர் அறுவரும் இங்கேயே இருக்கிறார்கள்" என்றார் கூத்தபிரான்.

"ஐயமா? ஒன்றே ஒன்று உண்டு." தளவாய் ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். "வில்வித்தை கற்றவன் வில்லாளி ஆகிறான். தச்சு கற்றவன் தச்சன் ஆகிறான். இங்கே கற்றவன் என்ன ஆவான்?"

கற்றவர் ஒவ்வொருவரும் வெவ்வேறாக ஆகிறார்கள் என்று கணித ஆசிரியை தொடங்கினார். தளவாய் கையமர்த்தினார்.

"சுற்றி வளைக்க வேண்டாம். தெரியுமா, தெரியாதா?"

ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். பிறகு வரிசையாக, உள்ளபடியே, தெரியாது என்றனர். தருக்க ஆசிரியர் மட்டும் சற்று யோசித்துவிட்டுத் தெரியாது என்றார்.

"கேட்டீர்களா அரசே? ஓலைநாயகரே, இதை அப்படியே எழுதும். நாளை மாற்றிப் பேசுவார்கள்."

"ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் எழுதுகிறேன்" என்று கூத்தபிரான் எழுதினார். "பிறகு எவரும் மறுக்காதிருக்கத் தங்கள் முத்திரையும் இருந்தால் நல்லது."

தளவாய் மோதிரத்தை மையில் தோய்த்து, ஓலை நெளியும்படி அழுத்தினார்.

கூத்தபிரான் மை உலரும்வரை காத்திருந்தார். பிறகு அந்த ஓலையை மற்றச் சேர்க்கை ஓலைகளோடு வைத்துக் கட்டி, தம் அறிவிப்பையும் மேலே வைத்து அரசரிடம் நீட்டினார். அரசர் அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்தார். ஓலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசி ஓலையை இருமுறை படித்தார்.

"நாற்பது. தளவாயே, உமக்கு எந்த அறை வேண்டும்?" என்றார்.

தளவாய்க்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவர் முகம் சிவந்தது. "நான் முப்பது ஆண்டு படை நடத்தியவன். இந்த வயதில் இங்கே உட்கார்ந்து படித்து நான் என்ன ஆகப் போகிறேன்?"

"அது ஒருவருக்கும் தெரியாது, தளவாய் அவர்களே. தாங்களே முத்திரையிட்டிருக்கிறீர்கள்" என்றார் கூத்தபிரான்.

அரசர் சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் எழும்பின. தம் கழுத்து மாலையைக் கழற்றி ஓலைநாயகத்துக்கு அணிவித்தார். உமையம்மை சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, புதிய மாணவருக்குப் பாய் எடுத்துவர உள்ளே சென்றார். அன்று புதன்கிழமை.